மணி கோக்கும் கம்பிக்கு எந்த லூப்: சாதாவா, சுற்றா?

அக்காவுக்கு நான் செய்துகொடுத்த முதல் கைச்சங்கிலி மூன்றாம் நாளே கழன்று விழுந்துவிட்டது. மணி உடையவில்லை, கம்பியும் அறவில்லை. ஒரே ஒரு லூப் (கம்பி நுனியை வளைத்துப் போடும் வளையம்) மட்டும் வாயைத் திறந்திருந்தது. பையின் வாரில் மாட்டியிருக்கிறது, அவசரத்தில் கையை இழுத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது இன்னும் நான்கைந்து லூப்புகளும் லேசாக வாய் பிளக்கத் தொடங்கியிருந்தன. அன்றைக்கு விழாவிட்டாலும் அடுத்த வாரம் விழுந்திருக்கும்.

அதற்கப்புறம் ஆறு மாதம் எதைச் செய்தாலும் சுற்று லூப்தான் போட்டேன். அதிலும் வேறு சிக்கல் வந்தது. ஒரு கழுத்து மாலையின் நடுவில் ஒரு கண்ணாடி மணி விரிசல் விட்டது. அந்த ஒரு மணியை மாற்ற வழியே இல்லை. அதன் கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள கண்ணிகளில் (மணியும் அதன் இரு பக்க லூப்பும் சேர்ந்தது ஒரு கண்ணி) மாட்டி அந்த இடத்தில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. இப்போது நான் நகைக்கு நகை முடிவு எடுப்பதில்லை. இணைப்புக்கு இணைப்பு எடுக்கிறேன். ஒரே நகையில் இரண்டு வகை லூப்பும் இருப்பது தப்பே இல்லை, பெரும்பாலும் அதுதான் சரி என்பதே என் கட்சி. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பெயர்கள். மணிக்குள் நுழைந்து வெளியே வரும் கம்பியின் நுனியை வட்டமாக வளைத்து, வளைந்த நுனி மணியின் தலையைத் தொட்டதும் நிறுத்திவிட்டால் அது சாதா லூப். அதே வட்டத்தைப் போட்டுவிட்டு, மிச்சக் கம்பியை வட்டத்துக்கும் மணிக்கும் நடுவில் உள்ள கழுத்தைச் சுற்றி இரண்டு மூன்று முறை சுற்றி முடித்தால் அது சுற்று லூப். சிம்பிள் லூப், ராப்டு லூப் என்று எல்லோரும் சொல்வது இவற்றைத்தான்.

பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இரண்டும் தாங்கும் விதமே வேறு. சாதா லூப்பை மூடி வைத்திருப்பது கம்பியின் விறைப்பு மட்டுமே, வேறு எதுவும் இல்லை. இழுக்கும் விசை அந்த விறைப்பைத் தாண்டியதும் வாய் திறக்கும். சுற்று லூப்புக்கு வாயே கிடையாது. அது கழல வேண்டுமானால் கம்பி அறவேண்டும், இல்லையென்றால் மூன்று சுற்றும் ஒன்றாக அவிழ வேண்டும். அப்படி அவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே சாதா லூப் போடுவதாக இருந்தால் கம்பியின் தடிமன்தான் எல்லாமே. கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்தான் கேஜ். அந்த எண் கூடக்கூடக் கம்பி மெலியும். 20 கேஜ் என்றால் சுமார் 0.8 மி.மீ., 22 என்றால் 0.64, 24 என்றால் 0.5, 26 என்றால் 0.4. எண்ணைப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கம்பியை நிரந்தரமாக வளைத்துவிடத் தேவையான விசை அதன் விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப ஏறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே உலோகம், அதே அளவு லூப் என்றால், 20 கேஜில் போட்டதைவிட 22 கேஜில் போட்டது பாதி விசைக்கே திறக்கும். 24 கேஜில் போட்டது கால்பங்கு விசைக்குத் திறந்துவிடும். அக்காவின் கைச்சங்கிலி 24 கேஜ் செம்புக் கம்பி, அதுவும் மென்மையான வகை. போதாததற்கு லூப் பெரிதாக இருந்தால்தான் அழகு என்று நினைத்துப் பிளையரின் தடித்த அடிப்பகுதியில் வைத்து வளைத்திருந்தேன். லூப் பெரிதானால் இழுப்புக்கு நெம்புகோல் மாதிரி நீளம் கூடுகிறது, சின்ன இழுப்புக்கே வாய் திறக்கிறது. மூன்று தவறும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

சாதா லூப்புக்கு என் குறைந்தபட்சம் இதுதான்: 20 கேஜ், அல்லது ஹாஃப் ஹார்ட் என்று விற்கும் பாதி விறைப்பான 22 கேஜ். லூப்பின் உள் விட்டம் 2 மி.மீ. பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிட மெல்லிய கம்பி என்றால் யோசிக்காமல் சுற்று லூப்புக்குப் போய்விடுங்கள். அலுமினியக் கம்பி தடிமனாக இருந்தாலும் அதில் சாதா லூப்பை நம்ப மாட்டேன், அவ்வளவு மென்மை அது. பித்தளை செம்பைவிடத் துள்ளல் உள்ளது, வளைப்பதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், ஆனால் மூடிய லூப் மூடியபடி நிற்கும்.

முத்து வைத்து வேலை செய்பவர்களுக்கு இந்தத் தேர்வே பல நேரம் இருக்காது. முத்துகளில் துளை மிகச் சிறியதாகத்தான் போடுவார்கள். பலவற்றில் 22 கேஜே நுழையாது. 24 அல்லது 26 தான் போகும் என்றால் சுற்று லூப்தான், வேறு பேச்சில்லை. மேல் நுனியில் குறுக்கே துளையிட்ட சொட்டு வடிவக் கற்களுக்கும் அப்படியே. கம்பியை இரண்டு பக்கமும் தூக்கி, கல்லின் தலைக்கு மேல் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் சுற்றினால்தான் கல் தொங்கும்.

அப்படியானால் சாதா லூப் எதற்கு?

திறக்க முடிகிற இணைப்பு என்பது பலவீனம் மட்டும் இல்லை, வசதியும்கூட. தோட்டில் தொங்கும் மணியை மாற்ற வேண்டும், சங்கிலியில் இரண்டு கண்ணியைக் குறைக்க வேண்டும், கறுத்துப்போன கொக்கியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் சாதா லூப் இரண்டு பிளையரோடு ஒரு நிமிட வேலை. திறக்கும் விதம் முக்கியம். வட்டத்தை அகலமாக்கிப் பிரிக்கக் கூடாது. கதவைத் திறப்பதுபோல நுனியைப் பக்கவாட்டில் தள்ளித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். அகலமாக்கிப் பிரித்த லூப் திரும்ப வட்டமாகாது, முட்டை மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, உலோகத்தை வளைக்க வளைக்க அது இறுகும், அளவுக்கு மீறினால் முறியும். அடிக்கடி திறந்து மூடுகிற லூப்பை ஒரு கட்டத்தில் மாற்றிவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இழுப்பு வரும்போது எங்கேயாவது ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நகையில் எதுவும் விட்டுக்கொடுக்காது என்றால் உடம்பு விட்டுக்கொடுக்கும். தோடு துப்பட்டாவில் மாட்டிக்கொண்டு இழுபடும்போது சாதா லூப் வாயைத் திறந்தால் மணி கீழே விழும். எல்லாம் சுற்று லூப்பாக இருந்தால் காது மடல் கிழியலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அம்மாவின் கழுத்து மாலை ஒரு நாளைக்கு எத்தனை முறை இழுபடும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த மாலையில், கொக்கிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இணைப்பைச் சாதா லூப்பாக வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். இழுத்தால் அது திறக்கும், மாலை கையோடு வரும், கழுத்து தப்பிக்கும். நூலில் கோத்த மாலை அறுந்தால் மணியெல்லாம் சிதறும். கம்பிக் கண்ணிகளால் கட்டியது அப்படி இல்லை, ஒரு இடத்தில் பிரிந்தாலும் மற்ற மணிகள் அதனதன் கம்பியிலேயே இருக்கும்.

கையில் எடுத்துப் போட்டுப் பார்த்தால்

சாதா லூப் சுலபம், சுற்று லூப் கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவம் பாதிதான் அப்படி. சாதா லூப்பைப் போடுவது சுலபம், நன்றாகப் போடுவது கஷ்டம். அதில் தவறு ஒளிய இடமே இல்லை. வட்டம் மணியின் நேர் நடுவில் உட்கார வேண்டும். புதிதாகக் கற்பவர் கையில் அது கம்பத்தில் கட்டிய கொடி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இதைத் தவிர்க்க, மணிக்கு மேலே வந்த கம்பியை முதலில் மணியின் தலையோடு ஒட்டிச் செங்கோணத்தில் மடித்துவிடுங்கள். அப்புறம் சுமார் 9 மி.மீ. விட்டுவிட்டு மீதியை வெட்டி, நுனியை ரவுண்ட் நோஸ் பிளையரில் (உருண்டை மூக்குள்ளது) கவ்வி, மடித்த திசைக்கு எதிர்த்திசையில் உருட்டிக்கொண்டு வாருங்கள். ஒரே முறையில் முழு வட்டத்தையும் முடிக்கப் பார்க்காதீர்கள். பாதி உருட்டி, பிளையரைக் கழற்றி, மறுபடி பிடித்து, மீதியை உருட்டுங்கள். 22 கேஜ் கம்பியில் 2 மி.மீ. உள் விட்டத்துக்கு வட்டத்தின் நீளம் 8 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். அதனால்தான் 9 என்றேன். இன்னும் கூடுதலாக விட்டால் நுனி ஒன்றன் மேல் ஒன்று ஏறும், குறைத்தால் வாய் மூடாது.

எல்லா லூப்பும் ஒரே அளவில் வர ஒரு வழி உண்டு. ரவுண்ட் நோஸ் பிளையரின் மூக்கு நுனியில் மெல்லியது, அடியில் தடித்தது. எந்த இடத்தில் வைத்தால் உங்களுக்கு வேண்டிய அளவு வருகிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு அழிய அழியத் திரும்பப் போடுங்கள். இது இரண்டு வகை லூப்புக்கும் பொருந்தும்.

சுற்று லூப்பில் படிகள் கூடுதல், ஆனால் மன்னிக்கும் குணமும் கூடுதல். மணியின் தலைக்கு மேல் நோஸ் பிளையரின் (மூக்கின் உள்பக்கம் தட்டையானது) நுனியை வைத்துக் கம்பியைப் பிடிக்கிறோம். அந்த நுனியின் அகலம்தான் பிறகு சுற்று உட்காரப்போகும் இடம். 22 கேஜில் மூன்று சுற்றுக்கு 2 மி.மீ. இருந்தால் போதும். பிளையருக்கு மேலே கம்பியைச் செங்கோணத்தில் மடித்து, ரவுண்ட் நோஸுக்கு மாறி, அந்த மூலையில் கவ்வி, நுனியை மேலே தூக்கி மறுபக்கம் இறக்குகிறோம். இப்போது பிளையரின் கீழ்மூக்கு குறுக்கே நிற்பதால் கம்பி முழுதாகச் சுற்றி வராது. பிளையரைக் கொஞ்சம் திருப்பி, கீழ்மூக்கை லூப்புக்குள் விட்டு, வட்டத்தை முடிக்கிறோம். அப்புறம் லூப்பைத் தட்டையாக நோஸ் பிளையரில் பிடித்துக்கொண்டு, வாலைக் கழுத்தைச் சுற்றி மணியை நோக்கிக் கீழே சுற்றிக்கொண்டு வருகிறோம். முதல் சுற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அது லூப்பை ஒட்டி, கழுத்துக்குச் செங்கோணமாக விழுந்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் தானாக வந்து உட்காரும். முதல் சுற்று சரிந்தால் அடுத்தது அதன் மேல் ஏறும்.

நுனியை ஒட்ட வெட்டிய பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, பலரும் விட்டுவிடுகிறார்கள். வெட்டின முனையை நோஸ் பிளையரால் கழுத்தோடு அழுத்திப் படிய வைக்க வேண்டும். அப்புறம் விரல் நுனியால் சுற்றின் மேல் தடவிப் பாருங்கள். உறுத்தினால் தோலையும் உறுத்தும், நூல் துணியையும் இழுக்கும். சாதா லூப்பில் இந்தத் தொல்லை இல்லை, கட்டரின் தட்டையான பக்கம் வேலையைப் பார்த்தபடி வெட்டினால் முனை மணியோடு ஒட்டி மறைந்துவிடும். கழுத்தில் நேரடியாகத் தோலில் படுகிற மெல்லிய சங்கிலிக்கு நான் சாதா லூப்பை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறம் பூசிய கம்பி என்றால் சுற்று லூப்பில் பிளையர் படும் இடங்கள் அதிகம், பூச்சு உரியும் வாய்ப்பும் அதிகம். நைலான் வாய் வைத்த பிளையர் இருந்தால் அதைப் பிடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிய பிறகு மாட்ட முடியாது

சுற்று லூப்பில் நான் அதிகம் வீணாக்கியது கம்பியை அல்ல, முடித்த கண்ணிகளை. அழகாக மூன்று சுற்றுப் போட்டு, வெட்டி, அழுத்தி, நிமிர்ந்து பார்த்தால் அடுத்த கண்ணியை அதில் மாட்டாமல் விட்டிருப்பேன். மூடிய வட்டத்துக்குள் மூடிய வட்டம் போகாது. வட்டத்தை வளைத்த பிறகு, சுற்றத் தொடங்கும் முன், அந்த இடைவெளியில்தான் அடுத்ததை மாட்ட வேண்டும். அதனால் சுற்று லூப் சங்கிலி எப்போதும் ஒரு முனையிலிருந்து வரிசையாகத்தான் வளரும். சாதா லூப் என்றால் இருபது கண்ணிகளைத் தனித்தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, வண்ணம் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்து, பிடித்த வரிசையில் கடைசியில் இணைக்கலாம். எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி என்று முன்கூட்டியே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு (நானும் அப்படித்தான்) இது பெரிய சௌகரியம்.

அளவும் மாறும். 8 மி.மீ. மணி, 22 கேஜ் கம்பி, 2 மி.மீ. லூப் என்று வைத்துக்கொள்வோம். சாதா லூப்பில் ஒரு கண்ணி சங்கிலிக்குத் தருகிற நீளம் சுமார் 13 மி.மீ. வரும். இரண்டு பக்கமும் மூன்று சுற்று சேர்ந்தால் அது 17 மி.மீ. ஆகிவிடும். கொக்கி போக 16 செ.மீ. கைச்சங்கிலி வேண்டும் என்றால் முதல் வகையில் 12 மணி, இரண்டாம் வகையில் 9 மணி. மணி நெருக்கமாக இருந்தால் அழகு என்று நினைக்கிற வடிவமைப்பில் சுற்று லூப் இடைவெளி விட்டுத் தெரியும். அதே சமயம் அந்தச் சுற்று ஒரு சின்னக் கழுத்து வளையம் மாதிரி மணியை எடுத்துக் காட்டும். எது பிடிக்கிறது என்பது கண்ணைப் பொறுத்தது.

கம்பிச் செலவும் அப்படியே. சாதா லூப்புக்குப் பக்கத்துக்கு 1 செ.மீ. போதும். சுற்று லூப்புக்கு வட்டத்துக்கு 8 மி.மீ., மூன்று சுற்றுக்கு 12 மி.மீ., கையால் பிடித்து இழுக்க இன்னொரு ஒன்றரை செ.மீ. என்று பக்கத்துக்கு மூன்றரை செ.மீ. வேண்டும். மணிக்குள் ஓடும் கம்பியையும் சேர்த்தால், மேலே சொன்ன கைச்சங்கிலிக்கு முதல் வகையில் 34 செ.மீ. கம்பி, இரண்டாவதில் 70 செ.மீ. ஆகும். செம்பு என்றால் யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். வெள்ளிக் கம்பி என்றால் பார்க்கத்தான் வேண்டும். நேரம் என் கைக்கு ஒன்றுக்கு மூன்று. ஒரு சுற்று லூப் முடிப்பதற்குள் மூன்று சாதா லூப் போட்டுவிடுவேன்.

மணியின் துளை பெரிதாக இருந்தால் சுற்று லூப்பின் அடிச்சுற்று துளைக்குள்ளேயே நழுவி இறங்கும், சாதா லூப்பும் அப்படியே உள்ளே போகப் பார்க்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், மணிக்கு மேலே ஒரு பொடி மணியோ தொப்பியோ வைத்துவிட்டு லூப்பைத் தொடங்குங்கள்.

ஒரே அழுத்தில் வெட்டி வளைத்துத் தருகிற லூப்பர் பிளையர் பற்றிப் பலர் கேட்பார்கள். அது சாதா லூப் மட்டுமே போடும். நூறு கண்ணி செய்ய வேண்டும், எல்லாம் ஒரே அளவில் வேண்டும் என்றால் கை வலியைக் குறைக்கும். ஆனால் லூப்பின் அளவு கருவி தருவதுதான், உங்கள் விருப்பம் இல்லை. மென்மையான கைவினைக் கம்பிக்குத்தான் அது சரிப்படும், எஃகு மெமரி வயரை (சுருள் வடிவிலேயே நிற்கும் கெட்டிக் கம்பி) அதில் விட்டால் வெட்டும் விளிம்பு பல் போய்விடும். கையால் போடப் பழகிய பிறகு வாங்குவதே நல்லது. அப்போதுதான் அது போடுகிற லூப் நன்றாக மூடியிருக்கிறதா என்று உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு நகையை எடுத்துக்கொண்டு முடிவெடுப்பது

தோட்டுக்கு நான் செய்வது இது. தொங்கும் மணிக்குச் சுற்று லூப், அதை மாட்டும் காதுக் கொக்கியின் அடியில் உள்ள வளையம் திறக்கிற வகை. மணி பத்திரம், வேண்டும்போது மாற்றலாம், எக்குத்தப்பாக இழுபட்டால் கொக்கி வளையம் முதலில் திறக்கும். மணி லேசானதாக இருந்து கம்பி 20 கேஜாக இருந்தால் சாதா லூப்பே போதும், சுற்றுவது அழகுக்காக மட்டுமே.

கழுத்து மாலையில் பதக்கம் கனமாக இருந்தால் பதக்கத்தைத் தாங்குகிற லூப்பும் அதை ஒட்டி இரண்டு பக்கமும் முதல் ஒன்றிரண்டு கண்ணிகளும் சுற்று. அதற்கு மேலே சாதா. ஏதாவது ஒரு பகுதியை நூலிலோ மெல்லிய எஃகு வடத்திலோ கோத்திருந்தால் அதைச் சேர்க்கிற லூப் கண்டிப்பாகச் சுற்றாக இருக்க வேண்டும். சாதா லூப்பின் வாய் கண்ணுக்குத் தெரியாத அளவு திறந்திருந்தாலும் நூல் அதன் வழியே நழுவிவிடும். நழுவாவிட்டாலும் வெட்டிய முனையில் உரசி உரசி இற்றுப்போகும்.

கைச்சங்கிலிதான் கடினம். மேசை விளிம்பு, பை, சட்டைக் கை என்று நாள் முழுக்க எதிலாவது படுகிற நகை அது. அதில் எல்லாக் கண்ணியும் சுற்று, கொக்கியை இணைக்கிற ஒன்று மட்டும் தடித்த ஜம்ப் ரிங் (திறந்து மூடுகிற தனி வளையம்). அது 18 கேஜ், அதாவது 1 மி.மீ. கம்பியில் செய்தது. திறக்க வேண்டுமென்றால் அங்கே திறக்கலாம், நீளம் போதவில்லை என்றால் அங்கேயே ஒரு கண்ணி சேர்க்கலாம்.

அக்காவின் கைச்சங்கிலியை அப்படித்தான் திரும்பக் கட்டினேன். அதே மணிகள், 22 கேஜ் பித்தளை, மூன்று மூன்று சுற்று. நீளம் கூடிவிட்டதால் மூன்று மணி மிஞ்சின. அவற்றில் இரண்டை ஹெட் பின்னில் (ஒரு முனையில் தலை வைத்த கம்பி) கோத்து, 2 மி.மீ. சாதா லூப் போட்டு, அதே நிறத்தில் ஒரு ஜோடித் தோடாக்கிக் கொடுத்தேன். மூன்றாவது என் பெட்டியில் இருக்கிறது, எதாவது ஒன்று உடைந்தால் மாற்ற.